ஆல்ப்ஸ் மலையில் ஸ்கீ விடுமுறை: ஹோட்டல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், "பனிச்சறுக்குக்குப் போகலாம்னு இருக்கோம், ஹோட்டல் எப்படிப் பார்க்கிறது" என்று யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். சறுக்குவதைப் பற்றி இருக்கும் பயத்தைவிட ஹோட்டலைப் பற்றித்தான் எல்லாருக்கும் சந்தேகம் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. பெரும்பாலும் ஆஸ்திரியாவின் டிரோல் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலியில் வேறு மாதிரி இருந்தால் அங்கங்கே வரும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஸ்கீ ஹோட்டல்னா என்ன, சாதாரண ஹோட்டல்தானே?

அறையை மட்டும் பார்த்தால் சாதாரண ஹோட்டல்தான். வித்தியாசம் நாள் ஓடும் விதத்தில் இருக்கிறது. டிரோல் கிராமங்களில் நிறைய ஹோட்டல்கள் ஒரே குடும்பம் தலைமுறையாக நடத்துவது, வீட்டுக்கு ஒரு நடைமுறை இருப்பது போல அவற்றுக்கும் இருக்கும். ஏழரை மணிக்குக் காலை உணவு, ஒன்பதுக்குள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், நாலு மணி சுமாருக்கு மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகள் நின்றதும் திரும்பி வந்து கேக்கோ சூப்போ, அப்புறம் சானா என்ற சூட்டு அறை வியர்வைக் குளியல், ஆறரை அல்லது ஏழு மணிக்கு இரவு உணவு, பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டால் சுகமாக இருக்கும். ராத்திரி பத்தரைக்குத்தான் எனக்குப் பசிக்கும் என்றால் பட்டினிதான், அந்த நேரத்தில் சமையலறையில் அடுப்பு அணைந்திருக்கும்.

ஹோட்டல், பென்ஷன், கார்னி, அபார்ட்மென்ட்னு என்னென்னமோ போட்டிருக்கே, எதை எடுக்கிறது?

கார்னி என்றால் காலை உணவு மட்டும். பென்ஷன் என்பது சின்ன விருந்தினர் விடுதி, காலை உணவு கண்டிப்பாக இருக்கும், இரவு உணவு சில இடங்களில் உண்டு. காஸ்ட்ஹோஃப் என்றால் கீழே ஊர்க்காரர்கள் வந்து சாப்பிடும் உணவகம், மேலே அறைகள். அபார்ட்மென்டில் சமையலறை இருக்கும், ஆனால் கடைசி நாள் துப்புரவுக் கட்டணம், சில இடங்களில் படுக்கை விரிப்புக்குக்கூடத் தனிக் கட்டணம் என்று வரும். பிரான்ஸில் வால் தொரான்ஸ், டீன் மாதிரி உயரத்தில் புதிதாகக் கட்டிய ஊர்களில் அபார்ட்மென்டுகள்தான் அதிகம், ஹோட்டல் என்று தேடினால் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், விலையும் கூட. ஆஸ்திரியாவில் ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு இரவு உணவோடு இருக்கும் ஹோட்டலுக்குத்தான். நாள் முழுக்க விழுந்து எழுந்து வந்தபின் சமைக்கவும் தெம்பு இருக்காது, வழுக்குகிற தெருவில் நடந்துபோய் உணவகத்தில் இடம் தேடவும் மனசு வராது. முட்டைகூடத் தொடாத சைவம் என்றால் மட்டும் அபார்ட்மென்ட் பற்றி யோசிக்கலாம், அதைக் கீழே சாப்பாட்டுக் கேள்வியில் பார்ப்போம்.

ஹாஃப் போர்டுனா மதியச் சாப்பாடும் சேர்த்தா?

இல்லை. காலையும் இரவும். மதியம் நீங்கள் மேலே மலையில் இருப்பீர்கள், அங்கே இருக்கும் குடிசை உணவகங்களில் சொந்தக் காசில் சாப்பிட வேண்டும். ஆஸ்திரியாவில் பல ஹோட்டல்கள் சாயங்காலம் நாலு மணி வாக்கில் யாவுஸ என்று ஒரு சிற்றுண்டி வைப்பார்கள், கேக், சூப், ரொட்டி, சீஸ் என்று. அது இருக்கிறதா என்று பார்த்து எடுத்தால் மதியச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பானம் சேர்த்தி இல்லை என்பதுதான் பலருக்கு அதிர்ச்சி. இரவு உணவோடு தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், பில்லும் வரும். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றால் "லைட்டுங்ஸ்வாஸர்" என்று கேளுங்கள், அதற்கும் சில இடங்களில் சின்னத் தொகை போடுவார்கள், சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. மேசை வாரம் முழுக்க ஒன்றேதான், அறை எண் போட்ட அட்டை அதன்மேல் இருக்கும். முதல் நாள் எங்கே உட்கார வைக்கிறார்களோ அங்கேயே கடைசி நாள் வரை. கழிவறை வாசலுக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் முதல் நாளே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

எந்த வாரம் போனா மலிவு?

ஜனவரி இரண்டாவது வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை. கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரை விலை உச்சம், அன்றைக்கு ஆஸ்திரியாவில் பண்டிகை விடுமுறை. பிப்ரவரியில் மறுபடி ஏறும். பிரான்ஸில் நாட்டை 3 மண்டலமாகப் பிரித்துப் பள்ளி விடுமுறை விடுவார்கள், அது நாலு வாரத்துக்கு நீளும். அதே நேரத்தில் இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜெர்மனியின் சில மாநிலங்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் லீவு. மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும், உயரமான இடங்களில் பனியும் நன்றாக நிற்கும், எனக்குப் பிடித்தது மார்ச் பாதிதான்.

ஊரிலிருந்து ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் வருகிறோம் என்பவர்கள் கவனிக்க: ஈஸ்டர் முடிந்ததும் டிரோலில் பெரும்பாலான ஹோட்டல்கள் மூடிவிடுவார்கள், ஊழியர்களுக்கே அப்போதுதான் விடுமுறை. ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் மட்டும் வருடம் முழுக்கச் சறுக்கலாம்.

ஏன் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைன்னு அடம் பிடிக்கிறாங்க? எங்களுக்கு மூணு ராத்திரி போதும்.

ஸ்கீ பள்ளி வகுப்புகள் ஞாயிறு அல்லது திங்களில் தொடங்கி ஐந்தாறு நாள் ஓடும், லிஃப்ட் பாஸும் 6 நாளுக்கு எடுத்தால்தான் தினசரி விலை குறையும், மொத்த ஊரும் அந்தக் கணக்கில்தான் சுற்றுகிறது. நெரிசல் வாரங்களில் நடுவில் மூன்று நாள் கொடுத்துவிட்டால் மிச்ச நாலு நாளை யாருக்கும் விற்க முடியாது என்பது அவர்கள் கவலை.

ஆனால் இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவில் மூன்று நாலு நாள் இடைவெளி எப்படியும் விழும். அதை இணையதளத்தில் காட்டமாட்டார்கள், நேரடியாக ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். ஜனவரியில் ஞாயிறு முதல் வியாழன் வரை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும், இன்னொரு லாபம் சனிக்கிழமைச் சாலை நெரிசலில் மாட்டாமல் தப்பிப்பது. அந்த நாளில் டிரோலுக்குள் வரும் ஃபெர்ன் கணவாயும், பிரான்ஸில் மூத்தியே பக்கத்துப் பள்ளத்தாக்கும் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். ரயிலில் வர முடிந்தால் சாங்க்ட் ஆன்டனைப் பாருங்கள், சூரிக்குக்கும் இன்ஸ்ப்ரூக்குக்கும் நடுவில் முக்கியப் பாதையிலேயே நிலையம், இறங்கி நடந்தால் ஊர். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குள் வெளியூர்க் காரே விடமாட்டார்கள். டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிட ரயில், நிலையத்தில் ஹோட்டலின் மின்சார வண்டி நிற்கும், எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால்.

"சரிவுக்கு நேர் எதிரே, ஸ்கீயோடு வாசல்வரை வரலாம்"னு விளம்பரம். நம்பலாமா?

பாதி நம்பலாம். மூன்று கேள்வி கேளுங்கள். வாசலில் இருக்கும் லிஃப்ட் எது? அது புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவுக்குப் போகிறதா? சாயங்காலம் ஸ்கீயிலேயே திரும்பி வரும் பாதை என்ன நிறம்? நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வாசல்வரை வரும் அந்தப் பாதை சிவப்பாக இருந்தால் முதல் வாரக்காரருக்கு அது இல்லாத மாதிரிதான், கூடுதல் காசு வீண். பலர் இதற்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, தினமும் பயிற்சி மேட்டுக்குப் பஸ்ஸில் போய் வருவார்கள்.

கற்றுக்கொள்பவர்கள், குழந்தைகள் உள்ளவர்கள் ஸ்கீ பள்ளி கூடும் இடத்துக்குப் பக்கமாகவோ ஸ்கீ பஸ் நிறுத்தத்துக்குப் பக்கமாகவோ பாருங்கள். பஸ் பெரும்பாலான ஊர்களில் லிஃப்ட் பாஸ் வைத்திருந்தால் இலவசம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். "300 மீட்டர்தான்" என்று போட்டிருப்பார்கள். ஸ்கீ பூட்ஸை மாட்டிக்கொண்டு, தோளில் ஸ்கீயோடு, உறைந்த தெருவில், பிள்ளையின் ஸ்கீயையும் தூக்கிக்கொண்டு நடந்தால் அதன் நீளம் தெரியும். லிஃப்ட் அடிவாரத்தில் வாடகைக் கடைகளின் டிப்போ இருக்கும், ராத்திரி எல்லாவற்றையும் அங்கேயே பூட்டி வைத்துவிட்டுச் சாதாரண ஷூவில் நடந்து வரலாம். அப்படிச் செய்தால் ஹோட்டல் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மலிவாக இருந்தாலும் கவலையில்லை.

உயரத்தையும் பாருங்கள். கிட்ஸ்பூயல் ஊர் 800 மீட்டருக்கும் கீழே, ஓபர்குர்கல் 1,900 மீட்டருக்கு மேல், வால் தொரான்ஸ் 2,300 மீட்டர். மேலே போகப் போகப் பனிக்கு உத்தரவாதம் கூடும், ஆனால் மரம் இருக்காது, காற்று வாட்டும், முதல் இரண்டு ராத்திரி சிலருக்குத் தலைவலி, தூக்கம் வராது.

ஸ்கீயை ரூமுக்கு எடுத்துட்டுப் போகலாமா? யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?

கூடவே கூடாது. கீழ்த்தளத்தில் ஸ்கீ அறை என்று தனியாக இருக்கும், உங்கள் அறை எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள், சாவி உங்கள் அறைக் கார்டேதான். சுவரோடு வரிசையாகக் குழாய் முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பூட்ஸை அதில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் உள்ளே இதமான சூட்டுக் காற்று ஊதி ராத்திரிக்குள் காய வைத்துவிடும். கையுறையையும் அதிலேயே மாட்டலாம். ஈர பூட்ஸைக் காலையில் மாட்டுவதுபோல ஒரு தண்டனை கிடையாது, அதனால் "சூடேற்றும் வசதியுள்ள ஸ்கீ அறை" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள். அறைக்குப் பூட்ஸோடு ஏறினால் மரத்தரை கீறும், ரிசப்ஷனில் திட்டு விழும்.

திருட்டைவிட மாறிப்போவதுதான் அதிகம். வாடகை பூட்ஸ் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவில் பத்து ஜோடி நிற்கும். குதிகாலில் ஒட்டியிருக்கும் எண் வில்லையை முதல் நாளே போனில் படம் எடுத்து வையுங்கள். மலை உணவகத்தின் வெளியே ஸ்கீயை விடும்போது ஜோடியைப் பிரித்து வேறு வேறு இடத்தில் குத்திவிட்டுப் போங்கள், ஒற்றை ஸ்கீயை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அறையில என்னென்ன இருக்காது?

கெட்டில் இருக்காது. ஏசி இருக்காது, தேவையும் இல்லை. பல் துலக்கும் பிரஷ், பேஸ்ட், இஸ்திரிப் பெட்டி இருக்காது. கழிவறையில் கைக்குழாய் இருக்காது. இத்தாலிப் பக்கம், அதாவது தென் டிரோல், டோலமைட்ஸ் போனால் பிடே என்ற கழுவிக்கொள்ளும் தொட்டி இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஒரு காரணத்துக்காகவே இத்தாலிக்கு ஓட்டுப்போடும் சொந்தக்காரர் எனக்கு உண்டு.

இரட்டைக் கட்டில் என்றால் ஒரே சட்டத்துக்குள் இரண்டு மெத்தை, இரண்டு தனித்தனி ரஜாய். ஹோட்டல்காரர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம், வழக்கமே அதுதான். ஹீட்டரால் அறைக் காற்று காய்ந்து போய் ராத்திரி தொண்டை வறளும், ஈரத் துண்டு ஒன்றை விரித்துப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலை அறையிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்போ கெட்டில், ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா?

கெட்டில் ரிசப்ஷனில் கேட்டாலே பல இடங்களில் கொடுப்பார்கள், இல்லையென்றால் பாரில் வெந்நீர் தருவார்கள். ரைஸ் குக்கர் வேண்டாம். அறையில் சமைப்பது வீட்டு விதிகளுக்கு விரோதம். அது போக, கூரையில் இருக்கும் புகை உணரி நேரே தீயணைப்புக்குத் தகவல் அனுப்பும் வகையாக இருக்கலாம். இந்தக் கிராமங்களில் தீயணைப்புப் படை என்பது ஊர்க்காரர்களே தன்னார்வமாக நடத்துவது. உங்கள் தாளிப்புக்காக பேக்கரிக்காரரும் தச்சரும் ராத்திரி வண்டி எடுத்து வந்து நின்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம், மானமும் போகும்.

நாங்க சைவம். ஒரு வாரம் என்னதான் சாப்பிடுறது?

முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வந்து இறங்கியபின் சொல்வது வேறு, முன்பே சொல்வது வேறு. "வெஜிடேரியன்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இறைச்சி, மீன், எலும்பு வேகவைத்த சாறு, முட்டை இவற்றில் எது கூடாது என்று பிரித்து எழுதுங்கள். அங்கே சைவம் என்றால் முட்டை சேர்த்தி.

சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியில் இல்லை, சூப்பில் இருக்கிறது. ஃப்ரிட்டாட்டன் சூப் என்று ஒன்று வரும், மெல்லிய தோசையை நூல் நூலாக வெட்டிப்போட்ட மாதிரி பார்க்க அப்பாவியாக இருக்கும், அந்தத் தெளிந்த நீர் மாட்டெலும்புச் சாறு. காஸ்ப்ரெஸ்க்னோடல் என்பது சீஸ் சேர்த்துத் தட்டிப் பொரித்த உருண்டை, அதுவும் அதே சாற்றில் மிதந்து வரும், தனியாக சாலடோடு கேட்டால் தருவார்கள். க்னோடல் உருண்டைகளில் ஸ்பெக் என்ற பன்றிக்கறித் துண்டு கலந்திருக்கலாம், வறுத்த உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோஸ் சாலடிலும்கூட அது ஒளிந்திருக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை: சீஸும் வறுத்த வெங்காயமும் போட்ட கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற மாவுத் துணுக்குகள், பிய்த்துப் போட்ட இனிப்பு ஆம்லெட் மாதிரி இருக்கும் கைஸர்ஷ்மாரன், இரண்டுமே ஒரு தட்டு சாப்பிட்டால் மதியம் முடிந்தது.

மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் ஏ, சி, ஜி என்று எழுத்துகள் இருக்கும். அது ஒவ்வாமைக் குறியீடு. ஏ என்றால் கோதுமை வகை, சி முட்டை, ஜி பால். முட்டையைத் தவிர்க்க உதவும், ஆனால் இறைச்சிக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே கிடையாது, எழுத்தைப் பார்த்து சைவம் என்று முடிவு கட்டாதீர்கள். முட்டையும் கூடாது என்றால் 'வேகன்' என்று போட்டிருப்பதை எடுங்கள், எலும்புச் சாறு, முட்டை, இனிப்பில் வரும் ஜெலட்டின் எல்லாம் ஒரே அடியில் போய்விடும், வெண்ணெயும் சீஸும் பஃபேயில் தனியாக எடுத்துக்கொள்ளலாம். பல ஹோட்டல்களில் காலை உணவு மேசையில் அன்றைய இரவுக்கான சீட்டு ஒன்று இருக்கும், இரண்டு மூன்று முக்கிய உணவில் எது வேண்டும் என்று டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். சந்தேகம் கேட்க அதுதான் சரியான நேரம், சமையல்காரருக்கும் மாற்ற நேரம் இருக்கும். ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுவந்து மேசையில் வைத்துச் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

காலை பஃபேயில ரெண்டு ரொட்டியைச் சுருட்டிப் பையில போட்டுக்கலாமா? மதியத்துக்கு ஆகுமே.

பெரும்பாலும் கூடாது, "எடுத்துச் செல்லாதீர்கள்" என்று சின்ன அட்டையே வைத்திருப்பார்கள். முந்தின நாள் கேட்டால் சிறு தொகைக்கு மதியப் பொட்டலம் கட்டித் தருகிற ஹோட்டல்கள் உண்டு. ஓர் ஆப்பிளுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சானாவுக்கு நீச்சல் உடை போட்டுட்டுப் போகலாமா?

இந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியா, ஜெர்மனி, தென் டிரோலில் சானாவுக்குள் உடை கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே சானாவில். நீச்சல் உடையோடு போனால் வெளியே போய்க் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். பெரிய துண்டை விரித்து அதன்மேல்தான் உட்கார வேண்டும், கால் பாதம் உட்பட உடம்பு பலகையில் படக்கூடாது. துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்வதை பொதுவாக யாரும் ஆட்சேபிப்பதில்லை. போகுமுன் குளித்துவிட வேண்டும், உள்ளே பேச்சு குறைவாக, போன் அறவே கூடாது. நீச்சல் குளத்தில் இதற்கு நேர்மாறு, அங்கே நீச்சல் உடை கட்டாயம். பிரான்ஸில் சானாவுக்கும் நீச்சல் உடைதான் வழக்கம்.

கூச்சமாக இருந்தால் வழி இருக்கிறது. பெரிய ஹோட்டல்களில் உடையோடு போகும் குடும்ப சானாவோ, பெண்களுக்கு மட்டும் ஒரு சானாவோ இருக்கும், முன்பதிவுக்கு முன் கேளுங்கள். எதுவும் வேண்டாம், குளம் போதும் என்றால் "வெல்னஸ் ஹோட்டல்" என்ற பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அந்த விலையில் பெரும்பங்கு சானாக்களுக்குத்தான். அறையிலிருந்து வெள்ளை பாத்ரோப்பும் செருப்புமாக லிஃப்டில் இறங்குவது அங்கே சகஜம், பக்கத்தில் நிற்பவரும் அப்படித்தான் நிற்பார். அதே கோலத்தில் சாப்பாட்டு அறைக்குள் மட்டும் போகக்கூடாது.

ராத்திரி டின்னருக்கு கோட், டை வேணுமா?

வேண்டாம். ஸ்கீ உடை தவிர சுத்தமான எதுவும். நாலு நட்சத்திர ஹோட்டலில் வாரத்தில் ஒரு நாள் காலா டின்னர் என்று வைப்பார்கள், அன்றைக்கு ஒரு நல்ல சட்டை. ஆஸ்திரியாவின் லெஹ், சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ் மாதிரி ஆடம்பர ஊர்களில் ஐந்து நட்சத்திரம் எடுத்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை ஹோட்டல்ல விட்டுட்டு நாங்க மட்டும் போக முடியுமா?

சாதாரண ஹோட்டலில் முடியாது. குழந்தை ஹோட்டல் என்றே ஒரு வகை ஆஸ்திரியாவில் உண்டு, கைக்குழந்தையைக்கூடப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்கீ பள்ளியே போதும், பல பள்ளிகள் மதியச் சாப்பாடு கொடுத்து மூன்று மூன்றரை வரை வைத்துக்கொள்கின்றன. பெற்றோர் அறையில் கூடுதல் படுக்கைக்குக் குழந்தையின் வயதை வைத்து விலை போடுவார்கள், அதனால் வயதைச் சரியாக எழுதுங்கள், பாஸ்போர்ட்டைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

ஸ்கீயே தெரியாத அம்மா, அப்பாவும் வர்றாங்க. நாள் பூரா ரூம்லயா இருப்பாங்க?

தேவையில்லை. பனியைச் சமப்படுத்திய குளிர்கால நடைபாதைகள் எல்லா ஊரிலும் உண்டு, நடப்பவர்களுக்கான லிஃப்ட் டிக்கெட் தனியாக விற்பார்கள், மேலே போய் வெயிலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கேபிள் காரிலேயே இறங்கலாம். குதிரை வண்டி, மரச்சறுக்கு வண்டிப் பாதை எல்லாம் உண்டு, ஆனால் சறுக்கு வண்டி முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப் பட்டை முதல் நாளே வாங்கிக் கொடுங்கள், வயதானவர்கள் விழுவது மலையில் அல்ல, ஹோட்டல் வாசலில்தான். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் பாதி மாடியில் நிற்கும், சானாவுக்கோ சாப்பாட்டு அறைக்கோ ஐந்தாறு படி இருக்கும். படி ஏற முடியாது என்றால் அதையும் மின்னஞ்சலில் எழுதுங்கள்.

புக் பண்ணும்போது காட்டின விலைதான் கடைசி விலையா?

அநேகமாக இல்லை. ஊர் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள், சில யூரோக்கள், சிறுபிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடையாது. அதற்காகத்தான் வந்ததும் பாஸ்போர்ட் விவரத்தோடு ஒரு படிவம் நிரப்பச் சொல்வதும். பதிலுக்குக் கிடைக்கும் விருந்தினர் அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள், பஸ், நீச்சல் குளம், அருங்காட்சியகம் என்று ஊருக்கு ஊர் ஏதாவது சலுகை இருக்கும். இதுபோக ஏற்கெனவே சொன்ன பானங்கள், கார் நிறுத்தக் கட்டணம். லிஃப்ட் பாஸ், ஸ்கீ வாடகை, பள்ளி மூன்றும் அறை விலையில் வராது, மூன்றையும் கூட்டினால் சில குடும்பங்களுக்கு அறை வாடகையை நெருங்கிவிடும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. வாரம் முழுக்க உங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டவருக்கும் அறையைச் சுத்தம் செய்தவருக்கும் கடைசி நாள் கையில் கொஞ்சம் கொடுப்பது வழக்கம். தனித்தனியாகக் கொடுங்கள், ரிசப்ஷனில் கொடுத்தால் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது.

கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வருமா? பனியே இல்லைன்னா?

பனி இல்லை என்பது காரணமாகாது. ஆஸ்திரிய ஹோட்டல்களில் பல, 2006-ல் வந்த பொது ஒப்பந்த விதிகளைப் பின்பற்றுகின்றன. வேறு எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் அதன்படி வருகைக்கு 3 மாதம் முன்புவரை கட்டணமில்லை, 1 மாதம் முன்புவரை மொத்த விலையில் 40 சதவீதம், 1 வாரம் முன்புவரை 70, கடைசி வாரத்தில் 90 சதவீதம். முன்பதிவு இணையதளம் வழியாக எடுத்தால் அங்கே போட்டிருக்கும் விதிதான் செல்லும், அதைப் படித்துவிட்டு பொத்தானை அழுத்துங்கள்.

விசாவுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் போதாதா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதில் பல திட்டங்கள் குளிர்கால விளையாட்டை விலக்கியே வைத்திருக்கும். ஆஸ்திரியாவில் சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வந்தால் பில் உங்களுக்கு வரும், ஆயிரக்கணக்கான யூரோவில். ஸ்கீ என்று எழுத்தில் இருக்கும் காப்பீடாக எடுங்கள். இத்தாலிச் சரிவுகளில் 2022-லிருந்து பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம், லிஃப்ட் பாஸ் வாங்கும் இடத்திலேயே அன்றன்றைக்கு எடுக்கலாம். இன்னொன்று, எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், ஹோட்டல் முன்பதிவுகளை வைத்துத்தான் அதைக் கணக்குப் பார்ப்பார்கள்.

கடைசி நாள் பத்து மணிக்கே காலி பண்ணச் சொல்றாங்க, ஃப்ளைட் ராத்திரி. என்ன பண்றது?

அறையைத்தான் காலி செய்ய வேண்டும், ஹோட்டலை அல்ல. பெட்டிகளை வைத்துவிட்டு சறுக்கப் போகலாம், திரும்பி வந்து சானாப் பகுதியில் குளித்து உடை மாற்றிக்கொள்ளப் பல இடங்களில் விடுவார்கள், முந்தின நாளே கேட்டு வையுங்கள். முதல் நாள் சீக்கிரம் வந்துவிட்டாலும் இதே வழிதான்.

பனி கொட்டி ரோட்டை மூடிட்டா? கூடுதல் நாளுக்கு யார் காசு கொடுக்கிறது?

நடக்கக்கூடியதுதான். 2018 ஜனவரியில் செர்மாட்டுக்கு ரயிலும் சாலையும் அடைபட்டு சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். லெஹ், ட்சுர்ஸ் ஊர்களுக்குப் போகும் ஃப்ளெக்ஸன் சாலை பனிச்சரிவு அபாயம் வந்தால் மூடப்படுவது அவ்வப்போது நடப்பது. 1999 பிப்ரவரியில் டிரோலின் கால்டூர் கிராமத்தில் பனிச்சரிவு வீடுகள்மேலேயே விழுந்து, பக்கத்து வால்சூரையும் சேர்த்து 38 பேர் இறந்தார்கள், அப்போதும் சாலை மூடித்தான் கிடந்தது. அதனால் மூடிவிட்டார்களே என்று ரிசப்ஷனில் கத்துவதில் அர்த்தமில்லை, தடுப்பைத் தாண்டி வண்டியை ஓட்டுவதில் இன்னும் அர்த்தமில்லை.

காசு விஷயத்துக்கு, மேலே கேன்சல் கேள்வியில் சொன்ன அதே ஆஸ்திரிய விதிகளில் பதில் இருக்கிறது. பனியால் எந்த வழியிலும் வந்து சேர முடியவில்லை என்றால் வர முடியாத அந்த நாட்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் 3 நாளுக்குள் வழி திறந்துவிட்டால் அதிலிருந்து ஒப்பந்தம் மறுபடி உயிர்பெறும். கிளம்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் தங்கல் தானாக நீளும், அறையை விட்டு யாரும் துரத்தமாட்டார்கள், ஆனால் இலவசமும் இல்லை. வசதிகளை முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போனால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், அப்போதும் குறைந்தது சீசன் இல்லாத காலத்து விலையை வாங்க ஹோட்டலுக்கு உரிமை உண்டு. தவறிய விமானம் ஹோட்டலின் பொறுப்பல்ல, அது உங்கள் பயணக் காப்பீட்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் நடுவில். பனி விடாமல் கொட்டுகிற நாள் என்றால் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலமே ரிசப்ஷனில் கேளுங்கள், எந்தச் சாலையை மூடப் போகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு உங்கள் போனுக்கு முன்னால் வந்துவிடும். "ராத்திரியே இறங்கிடுங்க" என்று சொன்னால் டின்னரை விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.